உங்களுக்குத் தெரியுமா? பொம்மைச் சேவலின் முகம் எந்தப் பக்கம்?

அமெரிக்கக் காடுகளில் வசந்தம் வந்தால், காட்டு வான்கோழிச் சேவல் வாலை விசிறிபோல் விரித்து நின்றுகொள்ளும். பேடைதான் அதைத் தேடிவர வேண்டும். பேடையின் குரல் கேட்டும் உருவம் தெரியாவிட்டால் சேவல் தயங்கும். அதனால்தான் வேட்டைக்காரர்கள் பேடைப் பொம்மையை நட்டு, பக்கத்திலேயே இளஞ்சேவல் பொம்மை ஒன்றையும் வைக்கிறார்கள். அதன் முகம் வேட்டைக்காரரைப் பார்த்தபடி இருக்க வேண்டும்! மூத்த சேவல் பெரும்பாலும் போட்டிச் சேவலின் முகத்துக்கு நேராக வந்து நிற்கும். அப்போது அதன் முதுகு வேட்டைக்காரர் பக்கம். விரிந்த வாலே அவரை மறைத்துவிடும்.

சேவல் தலையில் சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் உண்டு. வேட்டையில் அந்த நிற உடை ஆகாது. பொம்மையையும் மூடியே எடுத்துச் செல்லுங்கள். நிஜப் பறவை என்று நினைத்து இன்னொருவர் சுட்டுவிடக்கூடும்.