கைக்குழந்தையோடு வெளியூரில் சாப்பாடு: ஆபத்து எது, உரிமை எது?

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் நடந்ததைச் சேலம் மாவட்டத்து ஆத்தூர்ப் பக்கத்துக்காரர்கள் அவ்வளவு எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். நகரத்து ஓட்டல் ஒன்றில் வாங்கிய ஷவர்மாவைச் சாப்பிட்ட 14 வயது மாணவி இறந்துபோனாள். அதே கடையில் சாப்பிட்ட 40-க்கும் மேற்பட்டவர்கள் வாந்தி, பேதி, காய்ச்சலோடு மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். கடை உரிமையாளரும் சமையல்காரர்களும் கைதானார்கள். மாவட்டத்தில் ஷவர்மா விற்பனைக்குத் தற்காலிகத் தடையும் வந்தது. பதினாலு வயது உடம்பையே சாய்த்துவிட்ட கெட்ட உணவு, பல் முளைக்காத குழந்தையின் வயிற்றில் என்ன பாடு படுத்தும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆத்தூர்க்காரர்களுக்கு லீவு விட்டால் போக இடம் பஞ்சமில்லை. ஆனைவாரி முட்டல் அருவி, கல்வராயன் மலை, புத்திரகவுண்டன்பாளையத்து 146 அடி முத்துமலை முருகன், கொஞ்சம் தள்ளினால் ஏற்காடு, கொல்லிமலை. சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலை ஊரை ஒட்டிப் போவதால், சென்னைக்கும் கோவைக்கும் போகிற வெளியூர்க் குடும்பங்களும் இங்கேதான் இறங்கிச் சாப்பிடுகின்றன. முன்பெல்லாம் புளிசோறும் தயிர்சோறும் கட்டிக்கொண்டு போனோம். இப்போது "வழியில பாத்துக்கலாம்" என்று கிளம்பிவிடுகிறோம். பெரியவர்களுக்கு அது சரி. இடுப்பில் கைக்குழந்தை இருந்தால், எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது வண்டி ஏறும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

குழந்தைக்கு நாற்காலி, உடை மாற்ற மேசை, வெந்நீர் என்று வசதிகளைச் செய்துதர ஓட்டலைக் கட்டாயப்படுத்தும் சட்டம் நம்மிடம் இல்லை. அதெல்லாம் கடைக்காரரின் நல்ல மனசைப் பொறுத்தது. ஆனால் பாதுகாப்பான உணவு, சரியான பில், கெடுதல் நேர்ந்தால் இழப்பீடு ஆகியவற்றுக்குச் சட்டம் உறுதியாகவே இருக்கிறது. கேட்டு வாங்குபவருக்குத்தான் அது பயன்படும்.

எந்த வயதுக்கு என்ன கொடுக்கலாம்

ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் போதும். சித்திரை வெயிலாக இருந்தாலும் தண்ணீர்கூட வேண்டாம். அடிக்கடி பால் கொடுத்தாலே தாகம் தணியும். "நாக்கு வறண்டுபோச்சு, ஒரு மடக்கு தண்ணி குடும்மா" என்று பக்கத்து மேசைப் பாட்டி பிரியமாகச் சொன்னாலும், சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள்.

ஆறு மாதத்துக்குப் பிறகு ஓட்டலிலேயே குழந்தைக்கு ஏற்ற உணவு கிடைக்கும். ஆவி பறக்கும் இட்லியை நடுவில் பிட்டு, ஆறவைத்து, வீட்டிலிருந்து கொண்டுபோன வெந்நீரில் குழைத்து ஊட்டலாம். நம் கண்ணெதிரே தோலுரித்த வாழைப்பழத்தை மசித்துக் கொடுக்கலாம். சர்வரிடம் தயங்காமல் சொல்லுங்கள்: "தம்பி, பாப்பாவுக்கு ஒரு இட்லி, இப்ப இறக்குனதா பாத்து, தனித் தட்டுல கொண்டு வாங்க. சட்னி, சாம்பார் எதுவும் மேல ஊத்த வேண்டாம்." பெரும்பாலான கடைகளில் முகம் சுளிக்காமல் கொண்டுவந்து தருவார்கள்.

ஒரு வயதுக்குள் வேண்டாதவை சில உண்டு. முதலாவது தேன். கொல்லிமலைத் தேன் எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும் நாக்கில் தடவக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை பாக்டீரியா வித்து, குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரந்து உடம்பைத் தளர்த்திவிடும். உப்பும் சர்க்கரையும் சேர்க்க வேண்டாம். டீக்கடைப் பாலைத் தாய்ப்பாலுக்கு மாற்றாகக் கொடுப்பதும் கூடாது.

மயோனைஸ் எந்தக் குழந்தைக்குமே வேண்டாம். பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழ்நாடு அரசு தடை விதித்தது, அதில் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் எளிதில் பெருகுகின்றன என்பதற்காகத்தான். முட்டைக்குப் பேர்போன நாமக்கல் பக்கம் இருக்கிறோம். முட்டையை நன்றாக வேகவைத்தே கொடுப்போம். அதே போல, ரோடமின்-பி என்ற துணிச்சாயம் கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்ததையும் நினைவில் வையுங்கள். திருவிழாத் தெருவில் அடர்நிறத்தில் மின்னுவது எதுவானாலும் குழந்தையின் கைக்குப் போக வேண்டாம்.

சமைத்த உணவு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கிருமி பெருகும். காலையில் பார்சல் வாங்கிய இட்லியை முட்டலில் குளித்துவிட்டு வந்து மத்தியானம் ஊட்டுவது வேண்டாம். புட்டிப்பால் கரைத்து மிச்சம் வைத்ததும் அப்படித்தான், கொட்டிவிட வேண்டும். பயணத்தில் புட்டியைச் சரியாகக் கழுவுவது கடினம். பாலாடையோ சங்கோ இருந்தால் வெந்நீரில் போட்டு எடுத்துவிடலாம்.

மேசையில் இருக்கும் ஆபத்து

கிருமி கண்ணுக்குத் தெரியாது. சூடான சாம்பார் தெரிந்தும் நாம் கவனிப்பதில்லை. மடியில் உட்கார்ந்திருக்கும் எட்டு மாதக் குழந்தையின் கை முதலில் போவது வாழையிலையின் நுனிக்கு. இழுத்தால் இலையோடு சாம்பார்க் கிண்ணம், ரசம், டம்ளர் எல்லாம் குழந்தையின் தொடையில் வந்து விழும். கைக்குழந்தை இருக்கும் மேசையில் இலையின் ஓரம் மேசை விளிம்புக்கு வெளியே தொங்கக் கூடாது. சூடானவை மேசையின் நடுவில் இருக்கட்டும். காபி வந்தால், குழந்தையை வைத்திருப்பவர் குடிக்காமல் மற்றவர் முதலில் குடிக்கட்டும். சர்வர் வாளியோடு நடக்கும் பாதையை ஒட்டிக் குழந்தையை உட்கார வைக்காமல் சுவர்ப்பக்கம் இடம் கேளுங்கள்.

சுட்டுவிட்டால் துணியை விலக்கி, சாதாரணக் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். இட்லி மாவு, பேஸ்ட், மஞ்சள், இங்க், ஐஸ்கட்டி எதுவும் வேண்டாம். பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்குப் போங்கள்.

அடுத்தது தொண்டையில் சிக்குவது. கடலை, முறுக்கு, முழுத் திராட்சை, வடையில் இருக்கும் மிளகு, சாம்பாரில் கிடக்கும் மிளகாய்க் காம்பு எல்லாமே ஆபத்து. குழந்தை பலமாக இருமினால் இருமவிடுங்கள். அழவும் இருமவும் முடியாமல் திணறினால், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தலை தாழ்வாக இருக்கும்படி முன்கையில் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடிப்பகுதியால் ஐந்து முறை தட்ட வேண்டும். வெளியே வராவிட்டால் மல்லாத்தி, மார்பின் நடுவில் ஐந்து முறை அழுத்த வேண்டும். மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இருக்க, இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவதும், கண்ணுக்குத் தெரியாத பொருளை வாய்க்குள் விரல் விட்டுத் துழாவுவதும் வேண்டாம்.

பால் கொடுக்க இடம்

தாய்ப்பால் கொடுப்பதற்காகப் பேருந்து நிலையங்களில் தனி அறைகளைத் தமிழ்நாடு அரசு 2015 ஆகஸ்ட்டில் திறந்தது. ஓட்டல்களில் அப்படி அறை இருப்பது அபூர்வம். அதற்காகத் தாய் கழிவறையில் நின்று பால் கொடுக்க வேண்டியதில்லை. தாய்ப்பால் கொடுப்பது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு பாதுகாக்கும் உரிமை என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-இல் கூறியது. பொது இடத்தில் பால் கொடுப்பதை இழிவாகப் பார்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் நினைவூட்டியது. பொது உணவகங்களுக்குள் போவதில் பாலின அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவும் சொல்கிறது.

மூலை மேசை கேட்பது தாயின் விருப்பம். "இங்க குடுக்காதீங்க, வெளிய போங்க" என்று சொல்லும் அதிகாரம் கடைக்காரருக்கு இல்லை. கூட வந்திருக்கும் கணவரும் மாமியாரும் அந்த நேரத்தில் கூசிப்போய் எழாமல், தாயின் பக்கம் நின்றாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பில் என்ற சாட்சி

உட்காரும் முன் கல்லாப் பக்கத்துச் சுவரைப் பாருங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமம் அல்லது பதிவுச் சான்று, 14 இலக்க எண்ணோடு கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். 2022 ஜனவரி முதல் பில்லிலும் அந்த எண் இருப்பது கட்டாயம்.

பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. "சின்னக் கடைங்க, பில்லெல்லாம் இல்லீங்க" என்றால், தொகையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கடை முத்திரை வைத்துத் தரச் சொல்லுங்கள். ஜிபே, போன்பே வழியாகக் கட்டினால் அந்தப் பதிவும் உதவும்.

சர்வீஸ் சார்ஜ் என்று தானாகச் சேர்ப்பது செல்லாது என்று, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 வழிகாட்டுதலை உறுதிசெய்து டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. நீக்கச் சொன்னால் நீக்க வேண்டும். தண்ணீர் பாட்டில் விஷயம் வேறு. பெட்டிக்கடையில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. உட்கார வைத்துப் பரிமாறும் ஓட்டல் கூடுதலாக வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொல்லிவிட்டது. எனவே தேவையான தண்ணீரை வீட்டிலிருந்தே காய்ச்சி எடுத்துப் போவது குழந்தைக்கும் பணப்பைக்கும் நல்லது. பஜ்ஜியைச் செய்தித்தாளில் மடித்துத் தருவதும் விதிமீறல்தான். அச்சு மை எண்ணெயோடு சேர்ந்து வயிற்றுக்குப் போகும்.

வயிறு கெட்டால்

வாந்தியோ பேதியோ தொடங்கினால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையானால் உடனே மருத்துவரிடம் போங்கள். அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடியை, உறையில் போட்ட அளவு காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு முறை பேதியானதும் 50 முதல் 100 மில்லி வரை ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பேதியை நிறுத்தும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

மருந்துக்கடையில் "ஓ.ஆர்.எஸ். குடுங்க" என்றால் பழச்சாறு மாதிரியான அட்டைப்பெட்டியை நீட்டிய காலம் உண்டு. சர்க்கரை மிகுந்த அந்தப் பானங்கள் பேதியைக் கூட்டும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடிய பிறகு, உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. உறையைப் படித்துப் பொடியாகவே வாங்குங்கள்.

ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, கண் குழிந்துவிட்டது, உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறது, மலத்தில் ரத்தம், எதையும் குடிக்காமல் துவண்டு கிடக்கிறது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைத்து அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

புகார் செய்வது எப்படி

1. பில், மிச்ச உணவு, அதன் படம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். மிச்சத்தைச் சுத்தமான டப்பாவில் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

2. மருத்துவரிடம் எங்கே, எப்போது, என்ன சாப்பிட்டது என்று சொல்லிச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பின்னால் இதுதான் வலுவான ஆவணம்.

3. தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. கடைப் பெயர், இடம், தேதி, படம் அனுப்பினால் போதும்.

4. பில், கூடுதல் விலை, சேவைக் குறை பற்றித் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் சொல்லலாம்.

5. இழப்பீடு வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

பயணிகளுக்கு இதில் பெரிய உதவி ஒன்று இருக்கிறது. பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் ஊருக்கோ சம்பவம் நடந்த ஊருக்கோ போய்த்தான் வழக்குப் போட வேண்டியிருந்தது. புதிய சட்டப்படி, வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம். ஊட்டியில் சாப்பிட்ட ஆத்தூர்க் குடும்பம் சேலத்தில் வழக்குத் தொடரலாம். ஆத்தூரில் சாப்பிட்டுப் போன சென்னைக் குடும்பம் சென்னையிலேயே தொடரலாம்.

2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் தண்டனையிலும் இழப்பீட்டிலும் கடுமையானது. பாதுகாப்பற்ற உணவால் உயிர் போனால் ஏழாண்டுக்குக் குறையாமல் ஆயுள்வரை சிறை, பத்து லட்சத்துக்குக் குறையாத அபராதம். குடும்பத்துக்கு ஐந்து லட்சத்துக்குக் குறையாத இழப்பீடு. உயிர் பிழைத்துக் கடுமையாகப் பாதிக்கப்பட்டால் மூன்று லட்சம்வரை கிடைக்கும்.

ஓட்டல்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கைக்குழந்தையோடு வரும் குடும்பத்துக்கு ஒரு சுவரோர மேசை, ஒரு செம்பு காய்ச்சிய வெந்நீர், இறக்கியவுடன் ஒரு இட்லி. இதற்குப் பெரிய செலவில்லை. அந்தக் குடும்பம் திரும்பும்போதும் உங்கள் கடையில்தான் வண்டியை நிறுத்தும்.

பெற்றோர்களே, அடுத்த முறை கிளம்பும்போது பையில் காய்ச்சிய தண்ணீர், பாலாடை, இரண்டு உறை உப்பு-சர்க்கரைப் பொடி எடுத்துக்கொள்ளுங்கள். 94440 42322-ஐயும் 1915-ஐயும் கைப்பேசியில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள். சாப்பிட்டு எழுந்ததும் பில்லைக் கேட்டு வாங்குங்கள். வீடு திரும்பிக் குழந்தை நலமாக இருக்கும்வரை அதைக் கசக்கி எறியாதீர்கள்.