ஓடையின் அடித்தள மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்தல்

புத்தூரை அடுத்த நகரி மலைகளிலிருந்து இறங்கும் சிற்றோடைகள் மழைக்காலத்தில் பெருகியோடிக் கோடையில் மடுக்களாகச் சுருங்குவன. இத்தகைய ஓடைகளின் அடியில் வாழும் மீன்களைப் பள்ளித் தொட்டியில் விட்டால், பல வேளைகளில் அவை சில நாட்களிலேயே மாண்டுபோகின்றன. தொட்டியின் அடித்தளத்தில் போதிய கவனம் செலுத்தாமையே இதற்குப் பெரும்பாலும் காரணமாகும்.

தக்க மீனைத் தேர்தல்

அடித்தள மீன்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல. கர்ரா இன மீன்கள் வாயின் அடியிலுள்ள ஒட்டுவட்டினால் பாறையைப் பற்றிக்கொண்டு விரைநீரில் வாழ்வன. இத்தகைய அமைப்புகளை இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த சுந்தர் லால் ஹோரா (1896-1955) விரிவாக ஆராய்ந்தார். இம்மீன்கள் தேங்கிய வெந்நீரைத் தாங்கமாட்டா. ஆதலின் தொடக்கநிலையில் இவற்றைத் தவிர்த்தல் நலம்.

அயிரையோ மணலில் புதைந்து வாழும் இயல்பினது. திருகோணமலையை அடுத்த கன்னியா வெந்நீரூற்றில் கிடைத்த மீன்களைக் கொண்டு 1846-ஆம் ஆண்டு வாலன்சியன் இதனை விவரித்தார். இதன் அறிவியற் பெயரிலுள்ள 'தெர்மாலிஸ்' என்னும் சொல் வெப்பத்தைக் குறிப்பதாகும். பிராணவாயு குறையும்போது இம்மீன் மேலெழுந்து காற்றை விழுங்கிக் குடலின் வழியாகவும் சுவாசிக்கிறது.

அடித்தளமும் நீரும்

சல்லடையிலிட்டுக் கழுவிய மென்மையான ஆற்றுமணலை 3 அல்லது 4 செ.மீ. கனத்திற்குப் பரப்புக. கருங்கல் ஜல்லி கூடாது. அதன் கூர்முனைகள், மீன் இரைதேடும் மீசைகளைப் புண்படுத்தும். உருண்டைக் கற்களை அடுக்கி ஒளிவிடங்கள் அமைக்கலாம். மீன் துள்ளி வெளியேறாதவாறு தொட்டியை வலையால் மூடுதல் வேண்டும்.

குளோரின் கலந்த குழாய்நீரை ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்து பயன்படுத்துக. மீனின் கழிவிலிருந்து தோன்றும் அம்மோனியா நஞ்சாகும். அதனை மாற்றும் பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் பெருகச் சில வாரங்கள் ஆகுமாதலின், முதலில் இரண்டு மூன்று மீன்களையே விடுக. வாரந்தோறும் நீரில் கால்பங்கை மாற்றுக.

20 பாகை செண்டிகிரேடு வெப்பநிலையில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கொள்ளும். 35 பாகையில் சுமார் 7 மில்லிகிராமே கொள்ளும். ஆகவே கோடையில் தொட்டியை வெயில் படாத இடத்தில் வைத்துக் காற்றுக்குழாயால் நீரைக் கலக்கிவருதல் இன்றியமையாதது.

உணவும் கவனிப்பும்

அயிரை கழிவைத் தின்றே தொட்டியைத் தூய்மை செய்துவிடும் என்பது தவறான எண்ணம். மேல்மட்ட மீன்கள் உண்டு எஞ்சுவது அதற்குப் போதாது. நீர்ப்பரப்பில் தொங்கும் கொசுப்புழுவும் அதற்கு எளிதில் எட்டாது. நறுக்கிய மண்புழு போன்ற அமிழும் உணவை அந்தி வேளையில் சிறிதளவே இட்டு, மிச்சத்தை மறுநாள் காலையில் அகற்றுக. கண்ணின் கீழுள்ள கவர்முள் வலையிற் சிக்குமாதலின், மீனைக் கிண்ணத்தால் அள்ளுதல் வேண்டும்.

அயிரை எப்போதேனும் மேலெழுதல் இயல்பு. அடிக்கடி எழுமாயின் அது எச்சரிக்கை. ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை எழுகிறது என்பதை, நீர் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் மாணவர் குறித்துவரட்டும். எண்ணிக்கை குறைந்தால், நீரின் நிலையை மீனே கூறிவிட்டதாகும்.

காப்புக்காடுகளில் வனத்துறையின் அனுமதியின்றி மீன் பிடித்தலாகாது. வளர்த்த மீனை வேறு நீர்நிலையில் விடுதலும் ஆகாது. அதனால் நோய் பரவக்கூடும்.