புளித்த மாவும் புற்றுக்கட்டியும்

மதுரைச் சித்திரை வெக்கையில் ராத்திரி கரைத்து வைத்த இட்லி மாவு விடிவதற்குள் பொங்கி வழியும். அந்தப் புளிப்பு பெரும்பாலும் லாக்டிக் அமிலம். மாவிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று கழிப்பது. புற்றணுவும் இதையேதான் செய்கிறது. ஆக்ஸிஜன் இருந்தாலும் அது சர்க்கரையை முழுசாக எரிக்காமல் அமிலமாக்கித் துப்புகிறது என்று 1920களில் ஓட்டோ வார்பர்க் கண்டார். முழுசாக எரித்தால் ஒரு குளுக்கோஸில் அணுவின் சக்தி நாணயமான ஏ.டி.பி. சுமார் 30 தேறும்; இப்படிச் செய்தால் இரண்டே இரண்டு. அதனால் அதற்கு ஓயாத பசி. பெட் ஸ்கேனில் கட்டி பளிச்சென்று தெரிவது இந்தப் பசியால்தான்.

இந்தப் பந்திக்குள்தான் நம் உடலின் காவலாளியான டி அணு சண்டைக்கு வருகிறது. வந்து பார்த்தால் இலையில் ஒன்றுமில்லை. அதுவும் சண்டையின்போது லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும். அதை வெளியே தள்ளியாக வேண்டும். வெளியிலோ ஏற்கெனவே அமிலம். சாக்கடை நிரம்பிய தெருவில் வீட்டுத் தண்ணீர் போகாமல் தேங்குவதுபோல, தன் கழிவிலேயே அது முடங்குகிறது.

இந்த டி அணுவையே மருந்தாக்கி, மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. நோயாளியின் டி அணுக்களை எடுத்து, மரபணுவைச் சேர்த்து, அவருக்கே திரும்ப ஏற்றுகிறார்கள். சோதனையில் ஏறத்தாழ நான்கில் மூவருக்குப் பலன் தெரிந்தது. ஆனால் அது சில வகை ரத்தப் புற்றுகளுக்கு மட்டும். ரத்தத்தில் ஓடுகிற அணுவுக்குச் சர்க்கரைப் பஞ்சம் இல்லை. கட்டிக்குள் நுழைந்தால்தான் பட்டினி.

ஆகவே இப்போது அணுவையே பட்டினிக்குப் பழக்கப் பார்க்கிறார்கள். சர்க்கரை நுழையும் வாசல்களைக் கூட்டுவது ஒரு வழி. எனக்கு அதைவிடப் பிடித்தது, கட்டிக்குள் இருக்கும் இன்னொரு தடையான அடினோசினின் கதை. கட்டிக்குள் குவியும் இந்தப் பொருள் டி அணுவை அடக்கிவிடும். மூளையில் நமக்குத் தூக்கம் வரவழைப்பதும் இதுவே. காபி அதைத்தான் மறிக்கிறது. (காபி புற்றை ஆற்றும் என்று வாட்ஸாப்பில் கிளப்பிவிடாதீர்கள்.) அடினோசின் வந்து ஒட்டும் ஏற்பியை, மெல்போர்னின் பீட்டர் மக்காலம் மையத்தினர் கிரிஸ்பர் என்னும் மரபணுக் கத்தரி கொண்டு அணுவிலிருந்தே நீக்கினார்கள். 2021இல் வெளியான அந்த ஆய்வில், எலிகளின் கட்டிகளோடு அணுக்கள் முன்னைவிட நன்றாகப் போராடின.

எலியிலிருந்து மனிதருக்கு வரும் வழி நீளம். வாய்ப்புற்றும் மார்பகப் புற்றும் கட்டி வகைதான். அவற்றுக்கு இந்த அணுக்கள் இன்னும் மருந்தாகவில்லை. வெற்றிலை, புகையிலை போடுகிறவர் வாயில் மூன்று வாரம் ஆறாத புண் இருந்தால், நாளைக்கே டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.