பல காலக் கதையைப் படிக்கும் முறை

தாம்பரத்திலிருந்து மின்தொடரில் வடக்கு நோக்கிச் செல்வோர் வழியில் பரங்கிமலையைக் காண்பர். அம்மலையின் அருகே 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் வில்லியம் லாம்ப்டன் என்பார் நில அளவை ஒன்றைத் தொடங்கினார். அங்கிருந்து பெரும்பாக்கத்துக் குன்றுப் பக்கமாக ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்று எஃகுச் சங்கிலியால் அளக்கப்பட்டது. பின்னர், அதன் இரு முனைகளிலும் நின்று தொலைவிலுள்ள மூன்றாம் இடத்தை நோக்கிக் கோணங்களை அளந்தனர். ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் எஞ்சிய பக்கங்களைக் கணக்கிடலாம் அன்றோ? இவ்வாறு முக்கோணத்தோடு முக்கோணம் சேர்ந்து, அளவை பிற்காலத்தில் இமயம் வரை சென்றது.

இப்பணி இடம்பெறும் புதினம், எஸ். ராமகிருஷ்ணன் எழுதி 2007இல் வெளிவந்த 'யாமம்' ஆகும். யாமம் என்பது இரவின் ஒரு பகுதி. இந்நூலிலோ அஃது ஓர் அத்தரின் பெயருமாகும். அத்தர் வணிகர் அப்துல் கரீம், அளவைப் பணியாளர் பத்ரகிரி, சொத்து வழக்கில் உழலும் கிருஷ்ணப்ப கரையாளர், நாயொன்றின் பின்னே நடக்கும் சதாசிவப் பண்டாரம் ஆகியோர் தனித்தனியே வருகின்றனர். கும்பினியார் சென்னையில் கால்கொண்ட கதையும் இடையே வருகிறது.

இத்தகைய நூலைப் படிக்கும் மாணவர் பலர், "ஒருவர் கதை முடியுமுன் மற்றொருவர் கதை வருகிறதே!" என்று சலித்து, நூலை மூடிவிடுவர். அவர்கள் அளவையாளரின் முறையைப் பின்பற்றலாம். முதலில், ஒருவருடைய கதையை அடிக்கோடாகக் கொண்டு நன்கு அறிதல் வேண்டும். அடுத்து, பிறர் வரும்போது, "இஃது எக்காலம்? எவ்விடம்? முன்னவரோடு இவருக்குள்ள ஒப்புமை யாது?" என வினவுதல் வேண்டும். பெயர்களையும் காலத்தையும் தாளொன்றில் குறித்துக்கொள்வது நன்று. எல்லாக் கதைமாந்தரும் ஒருவரையொருவர் சந்திக்கவேண்டும் என்பதில்லை. ஒரே நகரமும், ஒரே இழப்பும், ஒரே நறுமணமும் அவர்களை இணைக்கக்கூடும்.

இம்முயற்சியால் விளையும் பயன் யாது? சங்கிலியை வைத்தவர் பெயரை வரலாறு போற்றுகிறது. அதனைச் சுமந்து வெயிலில் நடந்தவர்களுள் பெரும்பாலோர் பெயர் மறைந்தது. அத்தகையோர்க்கும் மனத்தில் ஓர் இடம் தருவது புதினம். பாதியில் நூலை மூடுவோர் அவர்களை மீண்டும் ஒருமுறை இழக்கின்றனர். பொறுமையுடன் படித்து முடித்தவர்க்கோ, நாள்தோறும் காணும் பரங்கிமலை முன்போல் வெறுங்குன்றாகத் தோன்றாது.