கண் பரிசோதனையில் காப்பி அடிக்கலாமா?



போன வருஷம் எங்கள் வகுப்பில் கண் பரிசோதனை நடந்தது. எனக்குக் கரும்பலகை மங்கலாகத்தான் தெரியும். கண்ணாடி போட்டால் "சோடாபுட்டி" என்று கூப்பிடுவார்களே என்று பயம். அதனால் எனக்கு முன்னால் நின்றவள் படித்ததை மனப்பாடம் செய்து அப்படியே ஒப்பித்தேன். டீச்சர் சந்தேகப்பட்டு வேறு அட்டையை மாட்டினார். அதில் எல்லாமே ஆங்கில 'ஈ' எழுத்து. அதன் மூன்று கால்களும் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று விரலால் காட்ட வேண்டும். நல்லா மாட்டிக்கிட்டேன்!

எழுத்து அட்டையை 1862-இல் உருவாக்கியவர் நெதர்லாந்து கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்நெல்லன். 6 மீட்டர், அதாவது 20 அடி தள்ளி நின்று படிக்க வேண்டும். 6/12 என்றால், நல்ல கண் 12 மீட்டரில் பார்ப்பதை நாம் 6 மீட்டருக்கு வந்தால்தான் பார்க்க முடியும் என்று அர்த்தம். எனக்கு 6/24!

ஒவ்வொரு கண்ணாக மூடுவது ஏன்? ஒரு கண் நன்றாக இருந்தால் மற்றதன் குறை தெரியாது. சின்ன வயதிலேயே கவனிக்காவிட்டால் அது சோம்பல் கண் ஆகிவிடும். பிறகு சரிசெய்வது கஷ்டம்.

எனக்கு இருப்பது கிட்டப்பார்வை. கண் உருண்டை நீண்டுவிட்டால் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழும். குழிலென்ஸ் அதைச் சரியான இடத்தில் விழ வைக்கும். வெளியில் விளையாடுவது குறைந்த பட்டணத்துப் பிள்ளைகளுக்கு இது அதிகம். நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கும் வரும். ஆனால் இங்கே பலர் தெரியாமலே இருந்துவிடுகிறோம்.

மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஆசிரியர்களுக்கே இந்தச் சோதனையைக் கற்றுத் தருகிறது. தமிழக அரசு 2009-இல் கண்ணொளி காப்போம் திட்டத்தைத் தொடங்கி மாணவர்களுக்கு இலவசமாகக் கண்ணாடி கொடுத்தது. எனக்கும் காசு வாங்காமல்தான் கொடுத்தார்கள்.

கண்ணாடி போட்ட அன்று சாயங்காலம் கரைக்குப் போனேன். எப்பவும் தம்பியிடம்தான், "அப்பா வள்ளம் எதுடா?" என்று கேட்பேன். அன்றைக்கு அவனுக்கு முன்னாடி நானே கண்டுபிடித்துவிட்டேன். இப்போது யார் சோடாபுட்டி என்றாலும் எனக்குக் கவலை இல்லை.

அடுத்த முறை பரிசோதனைக்கு நிற்கும்போது பின்னால் நிற்பவருக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். நீங்களும் தெரியாததைத் தெரியவில்லை என்றே சொல்லுங்கள். இந்தப் பரீட்சையில் உண்மையைச் சொன்னால்தான் பாஸ்!

கண்ணைக் காப்போம்! கல்வியைக் காப்போம்!

– 9-ஆம் வகுப்பு மாணவி