ஒருமுறை வந்தால் போதும்

நம் சங்க இதழில் உடல்நலக் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. சர்க்கரை வியாதி, இரத்தக் கொதிப்பு, மூட்டு வலி, மாரடைப்பு எல்லாம் வந்தாகிவிட்டது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைப் பற்றி எழுத மட்டும் எல்லோருக்கும் ஒரு தயக்கம். தாத்தா முதல் பேத்தி வரை சேர்ந்து புரட்டும் இதழாயிற்றே என்ற கூச்சம்தான். ஆனால் இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றேகால் லட்சம் பெண்களுக்கு இந்த நோய் வருகிறது; 80 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான பேர் இறக்கிறார்கள். இத்தனைக்கும் புற்றுநோய்களில் முன்கூட்டியே தடுக்கக்கூடியது எது என்று கேட்டால், புகையிலையால் வருவனவற்றோடு டாக்டர்கள் சேர்த்துச் சொல்வது இதைத்தான். ஆகவே கூச்சத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, இதற்காகத் தம் வாழ்நாள் உழைப்பைச் செலவிட்ட ஒரு மருத்துவ ஆராய்ச்சியாளரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் கதையில் திண்டுக்கல்லும் வரும், நம் ஹைதராபாத்தும் வரும்.

டாக்டர் ரெங்கசாமி சங்கரநாராயணன் திருவனந்தபுரத்து மண்டலப் புற்றுநோய் மையத்தில் பணியாற்றியவர். 1993ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் லியோன் நகரில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். இது உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த அமைப்பு. அங்கே, நோயை முன்கூட்டியே கண்டறியும் வழிகளை ஆராயும் பிரிவுக்குத் தலைமை வகித்தார். லியோனில் இருந்தாரே தவிர, அவருடைய ஆராய்ச்சிக் களமெல்லாம் பெரும்பாலும் நம் நாட்டுக் கிராமங்களாகவே இருந்தது.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வியைப் புரிந்துகொள்ள, முதலில் நோயின் போக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். இது ஒரு நாளில் வருவதன்று. எச்.பி.வி. என்ற வைரஸ் தொற்றில் தொடங்குகிறது. ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹவுசன் 1980களில் இதைக் கண்டுபிடித்து, 2008இல் நோபல் பரிசு பெற்றார். தாம்பத்திய வாழ்வில் நுழைந்த பெண்களில் மிகப் பலருக்கு இந்த வைரஸ் ஒரு தடவையாவது தொற்றும். பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் தானே போய்விடும். ஒழுக்கத்தோடு இதை முடிச்சுப் போட்டுப் பேசுவது அறியாமை. சிலருக்கு மட்டும் வைரஸ் தங்கி, கர்ப்பப்பை வாயின் செல்களைச் சிறிது சிறிதாக மாற்றி, பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாகிறது. அந்த இடைக்காலத்தில் பார்த்துவிட்டால் சிறிய சிகிச்சையிலேயே தீர்த்துவிடலாம். வலி இருக்காது, அறிகுறி இருக்காது. தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

மேல்நாட்டில் பாப் ஸ்மியர் என்ற பரிசோதனையால் இந்த நோயின் சாவுகளை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். கர்ப்பப்பை வாயிலிருந்து சில செல்களைத் துடைத்தெடுத்துக் கண்ணாடிச் சில்லில் பூசி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது இது. ஆனால் பெண் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தவறாமல் வர வேண்டும். பார்க்கப் பயிற்சி பெற்ற நிபுணர் வேண்டும். முடிவு வந்ததும் அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்து மறுபடி அழைத்து வர வேண்டும். நாற்று நடவுக்குப் போகிறவள், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எத்தனை தரம் வருவாள்? எனவே சங்கரநாராயணனின் கேள்வி இப்படி அமைந்தது: ஒரே ஒரு முறைதான் வருவாள் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு வரவில் அவளுக்கு என்ன செய்துவிட முடியும்?

இதற்கான முதல் விடை தமிழ்நாட்டில் கிடைத்தது. ஒட்டன்சத்திரம் என்றால் நமக்குக் காய்கறிச் சந்தைதான் நினைவுக்கு வரும். அதற்குப் பக்கத்தில் அம்பிளிக்கையில் கிறிஸ்தவ ஐக்கிய சமூக நல மையம் என்ற மருத்துவமனை இருக்கிறது. அதையும் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் சேர்த்துக்கொண்டு, 2000ஆம் ஆண்டு திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆய்வு தொடங்கியது. கருவி என்ன தெரியுமா? ஏறக்குறைய நம் அடுக்களை வினிகர்! நீர்த்த அசெட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால், மாறுதல் அடைந்த பகுதி வெள்ளையாகத் தெரியும். டாக்டர்கூட வேண்டாம், பயிற்சி பெற்ற நர்சு போதும். வெள்ளை தெரிந்தால் அங்கேயே கால்போஸ்கோப் மூலம் பெரிதாக்கிப் பார்த்து, தேவையானவர்களுக்குக் குளிர்ச் சிகிச்சையால் அந்தப் பகுதியை உறைய வைத்து அழித்துவிடுவார்கள். பெரும்பாலானவர்களுக்கு எல்லாம் ஒரே வரவில் முடிந்துவிடும்.

30 முதல் 59 வயது வரையுள்ள 49,311 பெண்கள் பரிசோதனைக்குரிய பஞ்சாயத்துகளிலும், 30,958 பேர் ஒப்பிடுவதற்கான பஞ்சாயத்துகளிலும் இருந்தார்கள். அழைக்கப்பட்டவர்களில் 31,343 பேர் வந்தார்கள். மூன்றில் ஒருவருக்கு மேல் வரவில்லை. இலவசமாக, ஊருக்கே வந்து பார்த்தும் இந்த நிலை. 2007இல் லான்செட் இதழில் வெளிவந்த முடிவின்படி, பரிசோதனை நடந்த ஊர்களில் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் ஏற்படும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. வராதவர்களையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகும் இவ்வளவு!

இரண்டாவது ஆய்வு மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடந்தது. ஹைதராபாத்வாசிகளுக்கு இந்தப் பெயர் அந்நியமாக இருக்காது. நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் பெயரால் அமைந்த ஊர். 1948 வரை ஹைதராபாத் சமஸ்தானத்தில் இருந்தது. இப்போது தாராசிவ் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். பக்கத்து பார்ஷியில் உள்ள நர்கீஸ் தத் நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையும் மும்பை டாடா நினைவு மருத்துவமனையும் துணை நின்றன. 1999 முதல் 1,31,746 பெண்களை நான்கு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வினிகர் சோதனை, ஒன்றுக்குப் பாப் ஸ்மியர், ஒன்றுக்கு வைரஸைக் கண்டறியும் எச்.பி.வி. சோதனை, நான்காம் பிரிவுக்கு வழக்கமான மருத்துவ வசதி மட்டும் என்று வைத்தார்கள்.

எட்டு ஆண்டுக் கண்காணிப்புக்குப் பின் 2009இல் வெளியான முடிவு மருத்துவ உலகை நிமிர்ந்து உட்கார வைத்தது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை எச்.பி.வி. சோதனை செய்துகொண்ட பிரிவில் மரணம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. நான்காம் பிரிவில் 64 பேர் இறந்திருக்க, இங்கே 34 பேர். பாப் ஸ்மியரும், திண்டுக்கல்லில் கைகொடுத்த வினிகரும் அங்கே குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை. வினிகர் சோதனை பார்ப்பவரின் கண்ணையும் பயிற்சியையும் பொறுத்தது என்பதால் ஊருக்கு ஊர் மாறும், எச்.பி.வி. சோதனையை ஆய்வுக்கூட இயந்திரம் படிப்பதால் அந்தத் தொல்லை இல்லை என்பதே இதற்கு எனக்குத் தெரிந்த நியாயமான விளக்கம். 2021இல் உலக சுகாதார நிறுவனம் எச்.பி.வி. சோதனையையே முதல் தேர்வாகப் பரிந்துரைத்தது.

அந்த 64 பேரைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. நான்காம் பிரிவுப் பெண்களுக்கு ஏன் எந்தச் சோதனையும் தரவில்லை, பாப் ஸ்மியர் பயன் தரும் என்று உலகத்துக்கு முன்பே தெரியாதா என்று அமெரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் சிலர் கடுமையாகக் கேட்டார்கள். அன்றைக்கு இந்தியக் கிராமத்தில் வழக்கமான வசதி என்பதே சோதனை இல்லாமைதான். ஒப்பிட்டுக் காட்டாமல் எந்த அரசும் பணம் ஒதுக்காது என்பது ஆய்வாளர்களின் பதில். அந்தப் பதிலில் உண்மை இருக்கிறது. ஆனாலும் கேள்வியின் கூர்மை அதனால் மழுங்கிவிடவில்லை என்பது என் எண்ணம். ஏழைப் பெண்களை வைத்துச் செய்யும் ஆராய்ச்சியை யாராவது இப்படி விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பது நல்லது.

இனி ஹைதராபாத்துக்கு வருவோம். எச்.பி.வி. தடுப்பூசி வந்த புதிதில் மூன்று ஊசி போட வேண்டும் என்றார்கள்: முதல் நாள், இரண்டு மாதத்தில், ஆறு மாதத்தில். இரண்டே போதாதா என்று பார்க்க, சங்கரநாராயணன் தலைமையில் 2009 செப்டம்பரில் இந்தியாவின் ஒன்பது இடங்களில் ஓர் ஆய்வு தொடங்கியது. 10 முதல் 18 வயது வரையுள்ள 20,000 பெண் பிள்ளைகளைச் சேர்ப்பது திட்டம். ஒன்பதில் அம்பிளிக்கையும் ஒன்று, ஹைதராபாத்தும் ஒன்று. ஹைதராபாத் பகுதியைக் கவனித்துக்கொண்டவர் டாக்டர் உஷா ராணி போலி. தென்னிந்தியக் கிராமப் பெண்களிடையே ஏழு ஆண்டுகள் வினிகர் சோதனை நடத்தி அந்த அனுபவத்தை எழுதியிருப்பவரும் இவரே.

அதே சமயத்தில், இதோடு சம்பந்தமில்லாத வேறொரு திட்டத்தின் கீழ், அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்தில் சுமார் 14,000 சிறுமியருக்கு இதே தடுப்பூசி போட்டார்கள். பலர் பழங்குடிப் பிள்ளைகள், விடுதியில் தங்கிப் படித்தவர்கள். கம்மத்திலும், இதேபோன்ற திட்டம் நடந்த குஜராத்திலுமாக ஏழு சிறுமியர் இறந்தார்கள். தடுப்பூசிக்கும் அந்த மரணங்களுக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்றே விசாரணையில் கூறப்பட்டது. ஆனால் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் சம்மதக் கையெழுத்துப் போட்டிருந்தது வெளிவந்தது. ஊரே கொதித்தது, நியாயமான கொதிப்புதான். 2013இல் நாடாளுமன்றக் குழுவும் இதைக் கடுமையாகக் கண்டித்தது. 2010 ஏப்ரலில் மத்திய அரசு எச்.பி.வி. தடுப்பூசி ஆய்வுகள் அனைத்திலும் ஊசி போடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டது.

சங்கரநாராயணனின் ஆய்வு பாதியில் நின்றது. அதுவரை 17,729 பேருக்கு ஊசி போட்டிருந்தார்கள். மூன்றும் போட்டுக்கொண்டவர்கள் 4,348 பேர். ஆறு மாத இடைவெளியில் இரண்டு போட்டுக்கொண்டவர்கள் 4,979 பேர். இரண்டு மாத இடைவெளியில் இரண்டோடு நின்றவர்கள் 3,452 பேர். ஒரே ஒரு ஊசியோடு நின்றுபோனவர்கள் 4,950 பேர். வேறு ஒருவராக இருந்தால் கோப்பைக் கட்டிப் பரணில் போட்டிருப்பார். இவர்கள் அந்தப் பிள்ளைகளை விடவில்லை. ஆண்டுதோறும் தேடிப் போய்ப் பார்த்தார்கள். இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு என்று அளந்தார்கள். வளர்ந்து மணமானவர்களிடம் வைரஸ் தங்கியிருக்கிறதா என்று சோதித்தார்கள். தடுப்பூசி போடாத சம வயதுப் பெண்களோடு ஒப்பிட்டார்கள்.

சங்கரநாராயணனுக்குப் பின் லியோனில் அந்தப் பிரிவின் பொறுப்பை ஏற்ற டாக்டர் பார்த்தா பாசுவும் குழுவினரும் பத்தாண்டுக் கணக்கை 2021இல் வெளியிட்டார்கள். 16, 18 எண் கொண்ட வைரஸ் வகைகளே இந்தப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். அவை உடலில் தங்காமல் தடுப்பதில் ஒரு ஊசியின் திறன் 95.4 சதவீதம், இரண்டு ஊசி 93.1, மூன்று ஊசி 93.3. அதாவது வேறுபாடே இல்லை. கோஸ்டாரிகாவிலும் கென்யாவிலும் நடந்த ஆய்வுகளும் ஒரு ஊசியின் பக்கமே பேசின. 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம், 9 முதல் 20 வயது வரையுள்ள பெண்களுக்கு ஒரே ஊசியும் போதும் என்று அறிவித்தது. ஒரு குழந்தைக்கு ஆகும் செலவில் இரண்டு மூன்று குழந்தைகளுக்குப் போடலாம் என்றால் ஏழை நாடுகளுக்கு அது எவ்வளவு பெரிய காரியம்!

நம் வீடுகளுக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். மாரேட்பள்ளியிலும் பத்மாராவ் நகரிலும் மல்காஜ்கிரியிலும் இருக்கும் நம் பெண்கள் படித்தவர்கள், வேலைக்குப் போகிறவர்கள். ஆனால் வெள்ளைப்படுதல், மாதவிலக்குக்கு இடையே உதிரப்போக்கு, விலக்கு நின்ற பிறகு மறுபடி உதிரம் என்று ஏதாவது வந்தால் யாரிடம் சொல்வது? அம்மா கும்பகோணத்தில், அக்கா கோவையில். டாக்டரிடம் தெலுங்கில் சொல்லக் கூச்சம். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தீபாவளியையும் கோடை விடுமுறையையும் எதிர்பார்த்துத் தள்ளிப்போடுகிறோம். ஊருக்குப் போனால் அங்கே கல்யாணம், காதுகுத்து, அதற்கே நாள் போதவில்லை. இந்த அறிகுறிகள் வந்துவிட்டால் அது சோதனைக்குரிய காலமும் அன்று, உடனே டாக்டரைப் பார்க்க வேண்டிய காலம்.

ஒரு குறையும் இல்லாதபோது, 30 வயதைத் தாண்டியதும் மகப்பேறு மருத்துவரிடம் எச்.பி.வி. சோதனை வேண்டும் என்று கேளுங்கள். குறையில்லை என்று வந்தால் ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கூச்சப்படுகிறவர்கள் தாங்களே மாதிரி எடுத்துத் தரும் முறையும் இருக்கிறது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்கள், என்ன காரணத்துக்காக எடுத்தது, கர்ப்பப்பை வாயையும் சேர்த்து எடுத்தார்களா என்பதைச் சொல்லி ஆலோசனை கேட்க வேண்டும். பெண் குழந்தைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள் தடுப்பூசி போடுவது மிகுந்த பலன் தரும். புனே சீரம் நிறுவனத்தின் செர்வாவேக் என்ற உள்நாட்டுத் தடுப்பூசி 2023இல் அறிமுகமாயிற்று. உங்கள் மகளுக்கு எத்தனை ஊசி என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். ஊசி போட்டுக்கொண்டவர்களும் உரிய வயதில் சோதனையை விட்டுவிடக் கூடாது.

அன்றைக்குப் பள்ளிச் சீருடையில் கையை நீட்டிய அந்த 17,729 சிறுமியரில் பெரும்பாலோர் இப்போது முப்பதை ஒட்டிய வயதில், பலர் குழந்தை குட்டிகளோடு இருப்பார்கள். ஹைதராபாத்திலும் அம்பிளிக்கையிலும் இருந்த அந்தப் பிள்ளைகளில் ஒற்றை ஊசியோடு நின்றவர்களை, பாவம், அரைகுறையாக விட்டுவிட்டார்களே என்று பெற்றவர்கள் அன்று கவலைப்பட்டிருக்கக்கூடும். உலகத்து ஊசிக் கணக்கை மாற்றியவர்கள் அவர்கள்தான்.