பூட்டிய கதவு

சென்ற மாதம் ஒரு பகலில் நமது காரியாலயத்திற்கு ஒரு தாயார் வந்திருந்தார். பத்திரிகையில் ஏதேனும் பிரசுரிக்கும்படி கேட்க அவர் வரவில்லை. நாம் வக்கீல் தொழில் செய்பவர் என்று யாரோ சொல்லக் கேட்டு, ஒரு சட்ட அபிப்பிராயம் பெற்றுப் போக வந்தார். அவருடைய குமாரனுக்கு 19 வயது. ஆட்டிஸம் உடையவன், வாய்ப்பேச்சு இல்லை. இருமுறை நள்ளிரவில் எழுந்து கதவைத் திறந்துகொண்டு பெருஞ்சாலை வரையில் போய்விட்டான். அது முதல் இரவில் அவனுடைய அறையை வெளிப்புறம் பூட்டுகிறார். "இது குற்றமா, ஐயா? என் மேல் கேஸ் வருமா?" என்பதே அவர் கேட்ட கேள்வி.

வக்கீலுக்குரிய பதிலை முதலில் சொன்னோம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயுற்றவரை எவ்விதத்திலும் சங்கிலியால் பிணைக்கலாகாது என்கிறது. தனியறையில் அடைப்பதையும் விலக்கியிருக்கிறது. ஆனால் அடைப்பைப் பற்றிய அந்த விதி மனநல நிலையங்களுக்கே உரியது. உறவினருடன் ஒருவர் வாழும் வீடு அச்சட்டப்படி நிலையம் ஆகாது. மற்றொரு புறம், 18 வயது நிரம்பிய மகன் சட்டத்தின் கண்ணுக்குக் குழந்தையல்லன். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் உள்ளூர்க் குழுவிடம் மனுச் செய்து, தாயார் முறைப்படி காப்பாளராக நியமனம் பெறுவது நலம். இவை யாவும் ஒருபுறம் இருக்க, பிள்ளை லாரியில் அடிபடாதிருக்கும் பொருட்டுக் கதவைப் பூட்டிய தாயைத் தண்டிக்கும் நியாயாதிபதி ஒருவர் இருப்பார் என்று நாம் நினைக்கவில்லை. இவ்வளவையும் பொறுமையுடன் கேட்டுக்கொண்டு, "ராத்திரி தீப்பிடித்தால்?" என்றார் அந்த அம்மாள்.

அவர் எதை நினைத்துக் கேட்டார் என்பது நமக்கு விளங்கிற்று. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6ந் தேதி விடியற்காலையில் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பற்றி 28 பேர் மாண்டனர். அங்கிருந்தோர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தபடியால் ஓடித் தப்ப இயலவில்லை. சுப்ரீம் கோர்ட் அச்செய்தியைத் தானாகவே கையிலெடுத்து விசாரித்தது. ஏர்வாடியில் இருந்தவர்களுடைய நிலை வேறு, இப்பையனுடைய நிலை வேறு. ஆயினும் பூட்டு ஒன்றுதான். அத்தாயார் ஒவ்வொரு இரவும் சாலையையும் தீயையும் இரு தட்டில் வைத்து நிறுத்துப் பார்த்து, பிறகு சாவியைத் திருகுகிறார். நமது சட்ட அபிப்பிராயத்தால் அவருக்கு என்ன பிரயோஜனம்?

இரவுப் பூட்டுடன் அவருடைய கஷ்டம் முடியவுமில்லை. பகலில், பக்கத்து வீட்டு மிக்ஸியின் சத்தம் ஒரு நாளைக்கு ஒன்றும் செய்வதில்லை. மறுநாள் அதே சத்தத்திற்குப் பையன் தன் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டு சுவரில் தலையை மோதுகிறான். பிடித்து நிறுத்தப் போன தாயாருக்கு விரல் முறிந்தது. இதை அவர் அரை வாக்கியத்தில் சொல்லிக் கடந்துபோனார். மாடிக் குடியிருப்பில் உள்ளவர்கள் பிள்ளைக்கு அடி போதவில்லை என்று சொல்கிறார்களாம்.

அடியைப் பற்றிப் பேசுவோர் ஒரு விஷயத்தை அறியார். பிடிவாதம் பிடிக்கும் பிள்ளை, தான் கேட்டது கிடைத்தால் நிறுத்திவிடும். எதிரில் ஆள் இருக்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தும் கொள்ளும். ஆங்கிலத்தில் மெல்ட் டவுன் என்று சொல்லப்படும் இக்கொந்தளிப்பு அவ்விதமானதன்று. வெளிச்சமோ, ஓசையோ, நெரிசலோ, வழக்கமான பாதை மாறியதோ, வாய்விட்டுச் சொல்ல இயலாத பல்வலியோ மலச்சிக்கலோ ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, தாங்கும் எல்லை கடந்தபோது உடம்பே தன் வசம் இழக்கிறது. அச்சமயம் அவனிடம் கேள்வி கேட்பதும், உபதேசம் செய்வதும், நாலு பேர் கூடிப் பிடிப்பதும் ஏற்கெனவே தாங்காத பாரத்தின்மேல் மேலும் பாரம் ஏற்றுவதேயாகும்.

இத்தருணத்தில் துணை நிற்பதையே தொழிலாகக் கற்றவர்கள் மேல்நாடுகளில் இருக்கின்றனர். நம்மிடையேயும் விசேஷப் பள்ளி ஆசிரியர்கள் சிலர் இதை அனுபவத்தால் அறிந்து செய்கின்றனர். கற்றவர் முதலில் செய்வது, பார்ப்பவர்களுக்குச் சற்றும் ரசிக்காது. ஏனெனில் அவர் ஏறக்குறைய ஒன்றும் செய்வதில்லை. சுற்றி நிற்பவர்களை அகற்றுகிறார். விளக்கையும் விசிறியையும் நிறுத்துகிறார். கண்ணாடிப் பாத்திரத்தை எட்ட வைக்கிறார். நேருக்கு நேர் நில்லாமல், பக்கவாட்டில், கைக்கெட்டாத தூரத்தில், வாசலை மறிக்காமல் உட்காருகிறார். ஒன்றிரண்டு சொல்லுக்குமேல் பேசுவதில்லை. தலையை மோதும் இடத்தில் ஒரு தலையணையைச் செருகுகிறார். பிறகு காத்திருக்கிறார், கால்மணியோ ஒருமணியோ. தொடவேண்டி வந்தால் சொல்லிவிட்டுத் தொடுகிறார். குப்புறக் கிடத்தி முதுகில் அழுத்துவது மூச்சை நிறுத்திக் கொல்லும் என்பது அவருக்கு முதல் பாடம்.

கொந்தளிப்பு அடங்கிய பிற்பாடுதான் வேலையின் பெரும்பகுதி தொடங்குகிறது. பையனுக்குத் தண்ணீரும் உறக்கமும் கொடுத்த பின், அதற்கு முன் அரைநாளில் என்ன நடந்தது, என்ன உண்டான், எவ்வளவு தூங்கினான், யார் வந்தார்கள் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறார்கள். பத்துப் பதினைந்து முறை எழுதிய பிறகு ஓர் ஒழுங்கு தென்படும்: மிக்ஸி ஓடிய எல்லா நாளிலும் அவன் கொந்தளிக்கவில்லை, முன்னிரவு தூங்காத நாட்களிலேயே கொந்தளித்தான் என்பது போல. அப்பொழுது சரி செய்யவேண்டியது மிக்ஸியை அன்று, தூக்கத்தையே என்று தெரியவரும். தாயாருக்கும் இதே பயிற்சி வேண்டும். வாரத்தில் ஓர் இரவாவது அவர் நிம்மதியாக உறங்க மாற்று ஆளும் வேண்டும். அமெரிக்காவிலேயே இவ்வேலைக்குச் சம்பளம் சொற்பம், ஆட்கள் நிலைப்பதில்லை.

சரி, கதவைப் பூட்டாமல் விட்டுப் பையன் மூன்றாம் முறை சாலைக்குப் போனால், தெருவில் அவனை எதிர்கொள்பவர் யார்? பெரும்பாலும் போலீஸாரே. கூடத் துணைவர் இருந்தாலும் காரியம் எப்படிப் போகலாம் என்பதற்கு ஃப்ளோரிடாவில் நார்த் மயாமி நகரில் 2016ஆம் ஆண்டு ஜூலை 18ந் தேதி நடந்தது சாட்சி. ஆட்டிஸம் உடைய வாலிபர் ஒருவர் தாம் தங்கியிருந்த இல்லத்தினின்று வெளியேறி, கையில் ஒரு பொம்மை லாரியுடன் நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார். அவரைத் திருப்பி அழைத்துப் போகச் சென்றவர் சார்லஸ் கின்ஸி, இத்தொழிலைச் செய்பவர். யாரோ ஒருவர், துப்பாக்கியுடன் ஓர் ஆள் இருப்பதாகப் போலீஸுக்குப் போன் செய்துவிட்டார். போலீஸார் சூழ்ந்துகொள்ளவே, கின்ஸி தரையில் மல்லாந்து படுத்து இரு கைகளையும் உயர்த்தி, அது பொம்மை என்றும் ஆயுதம் வேண்டியதில்லை என்றும் உரக்கச் சொன்னார். அதே மூச்சில் அவ்வாலிபரையும் படுக்கும்படி வேண்டிக்கொண்டிருந்தார். ஒரு போலீஸ்காரர் மூன்று முறை சுட்டார். ஒரு குண்டு கின்ஸியின் காலில் பாய்ந்தது. குறி வைத்தது வாலிபரையே என்றும், பொம்மையைத் துப்பாக்கி என்று எண்ணியதாகவும் பிற்பாடு போலீஸ் தரப்பில் சமாதானம் கூறப்பட்டது! குண்டடிபட்டவருக்கும் விலங்கு, பொம்மை வைத்திருந்தவருக்கும் விலங்கு. 2019ல் ஜூரிகள் அப்போலீஸ்காரரைக் கவனக்குறைவுக் குற்றவாளி என்றனர். 2022ல் அப்பீல் கோர்ட் அத்தீர்ப்பை ரத்துச் செய்தது.

அந்நாட்டில் இதற்கு முயற்சிகள் இல்லாமலில்லை. மெம்பிஸ் நகரில் 1987ல் மனநோயுற்ற ஒருவர் சுடப்பட்ட பின், மறு ஆண்டே போலீஸாருக்கு 40 மணி நேரப் பயிற்சி ஏற்பட்டது. யூஜீன் நகரில் 1989 முதல் போலீஸ் இன்றி ஒரு மருத்துவ உதவியாளரும் ஒரு நெருக்கடித் துணைவரும் வண்டியில் சென்று உதவும் முறை நடந்துவந்தது. 2025ல் அந்நகரில் அது நின்றுபோயிற்று.

நமது சட்டம் இவ்விஷயத்தில் எழுத்தளவில் பின்தங்கவில்லை. மேற்சொன்ன 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 100வது பிரிவின்படி, மனநோயுற்று அலைபவர் என்று கருதிப் போலீஸார் பாதுகாப்பில் எடுத்துக்கொள்ளும் எவரையும் எக்காரணத்தாலும் லாக்கப்பில் வைக்கலாகாது. 24 மணி நேரத்திற்குள் பொது மருத்துவ நிலையத்திற்குக் கொண்டுபோக வேண்டும். 97வது பிரிவு இன்னும் நயமானது. உடனடியான ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல வைத்தியரின் அனுமதியுடன் ஒருவரைக் கட்டுப்படுத்தலாம், தண்டனையாகச் செய்யக்கூடாது, ஆட்கள் போதவில்லை என்ற ஒரே காரணத்தாலும் செய்யக்கூடாது என்கிறது. இவ்வரியை எழுதியவர் ஆஸ்பத்திரி வார்டை நன்றாய் அறிந்தவராயிருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு விலக்கிய இந்தச் சாக்குத்தான் வீட்டிலுள்ள தாயாருடைய உண்மை நிலைமை. அவரிடம் ஆள் இல்லை. அவரே ஆள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிஸத்தைத் தன் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்து, அதிகத் துணை வேண்டுவோருக்குப் பராமரிப்பாளர் படி கொடுப்பதையும் 24வது பிரிவில் பிரஸ்தாபிக்கிறது. ஆனால் அப்பிரிவின் தொடக்கத்திலேயே, சர்க்காரின் பொருளாதார சக்திக்கு உட்பட்டு என்ற சொற்கள் நிற்கின்றன. நியாயஸ்தலத்தில் இவ்வகைச் சொற்களுடன் மல்லுக்கு நின்று பழகியவர்களுக்கு அவற்றின் எடை தெரியும். 2022 அக்டோபரில் ஏற்பட்ட டெலி மானஸ் என்னும் 14416 டெலிபோன் சேவையில் எந்நேரமும் ஆலோசனை கிடைக்கிறது, நன்று. பையன் சுவரில் மோதும்போது தாயாருக்கு டெலிபோனை எடுக்கக் கை ஒழியவேண்டுமே. சர்க்கார் பயிற்சி பெற்ற இருவரை ஒவ்வொரு தாலூகாவிலும் மாதச் சம்பளத்தில் அமர்த்தி, கூப்பிட்ட வீட்டிற்கு அனுப்பட்டும். பிரசவத்திற்கும் தீ விபத்திற்கும் வண்டி வருகிறதல்லவா?

அத்தாயார் புறப்படுமுன், இவ்வேலை தெரிந்தவர் யாரேனும் வீட்டிற்கு வருவார்களா, என்ன கொடுக்கவேண்டும் என்று விசாரித்தார். நம்மிடம் கொடுக்க விலாசம் இல்லை. அறையின் உட்பக்கத்திலும் திறக்கக்கூடிய பூட்டு வைத்து, வாசற்கதவில் திறந்தால் ஒலிக்கும் மணி ஒன்றைப் பொருத்தும்படி சொன்னோம். மணிச் சத்தம் பையனுக்கு ஆகாது என்றார். தம் தலைமாட்டில் மட்டும் ஒலிக்கும்படி செய்யமுடியுமா என்று எலக்ட்ரீஷியனைக் கேட்பதாகச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தார். பயிற்சி நிலையத்து வண்டி மூன்றரைக்கு வந்துவிடுமாம்.